ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்றால் என்ன? ‘பின்டி’ குறுநாவலை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2018ஆம் ஆண்டு ‘பிளாக் பாந்தர்’ திரைப்படம் வெளிவந்த பிறகு, ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்ற சொல் திரை விமர்சனங்களிலும் புத்தகப் பின்னட்டைகளிலும் தாராளமாகப் புழங்கத் தொடங்கியது. புழக்கம் பெருகப் பெருக அதன் பொருள் தளர்ந்துபோனது. கறுப்பினத்தவர் ஒருவர் விண்கலத்தில் ஏறிவிட்டாலே அது ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்கிறார்கள் சிலர். ஆப்பிரிக்கத் தொன்மத்தோடு லேசர் துப்பாக்கியைச் சேர்த்த மாயாஜாலக் கதை என்கிறார்கள் வேறு சிலர். இந்த எழுத்து உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை இரண்டு விளக்கங்களுமே தவறவிடுகின்றன.

ன்னெடி ஒகோராஃபோர் எழுதி 2015இல் வெளிவந்த ‘பின்டி’ என்ற ஆங்கிலக் குறுநாவலைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன். ஒரே அமர்வில் படித்துவிடக்கூடிய சிறிய நூல் அது. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா ஆகிய இரண்டு பெரிய விருதுகளையும் குறுநாவல் பிரிவில் பெற்றது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்வதால், அறிவியல் புனைவில் பழக்கமில்லாதவர்களும் தடையின்றி உள்ளே நுழைந்துவிடலாம். கதையின் முக்கியமான சில நிகழ்வுகளை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எப்படி முடிகிறது என்பதைச் சொல்லப்போவதில்லை.

விண்கலத்தின் வாசலில் ஒரு கோலம்

சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு விண்கலத்தில் நடக்கும் கதையை இரண்டு பேர் தனித்தனியாக எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கலத்தின் கதவுக்கு முன்னால் ஒரு புள்ளிக் கோலம் போடுகிறார். பார்க்க அழகாக இருக்கிறது, கதை நம் ஊரைச் சேர்ந்ததுபோன்ற உணர்வும் வருகிறது. ஆனால் அந்தக் கோலத்தை அழித்துவிட்டால் கதையில் வேறு ஒரு வரியும் மாறாது. இரண்டாமவருடைய கதையில், புள்ளிகளைச் சுற்றிக் கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலத்தின் விதியைக் கொண்டுதான் கலம் விண்மீன்களுக்கிடையே தன் பாதையைக் கண்டுபிடிக்கிறது. பாட்டியிடம் கோலம் கற்றுக்கொண்ட பெண்தான் அதன் மாலுமி. அங்கே கோலத்தை எடுத்துவிட்டால் கலமும் நகராது, கதையும் நகராது.

ஆஃப்ரோஃபியூச்சரிசம் இந்த இரண்டாவது வகை எழுத்து. ஒரு சமூகத்தின் மரபு அதில் கதையை இயக்கும் பொறியாக இருக்கும். ஒரு படைப்பு உண்மையிலேயே இந்த வகையைச் சேர்ந்ததா என்ற ஐயம் வந்தால், அதில் வரும் ஆப்பிரிக்கக் கூறுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்க்கலாம். எடுத்த பிறகும் கதை அப்படியே நின்றால், அங்கே இருந்தது வெறும் ஒப்பனை.

இந்த இடத்தில் ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. நாம் வாழும் உலகில் இல்லாத, ஆனால் காரண காரியத்தோடு நம்பத்தக்கதாக அமைக்கப்பட்ட, கதை உலகத்தின் போக்கையே தீர்மானிக்கிற புதுமையை விமர்சகர் டார்கோ சுவின் ‘நோவம்’ என்று அழைத்தார். புதுக்கூறு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கால இயந்திரம் ஒரு புதுக்கூறு. சிந்திக்கும் ரோபோ ஒரு புதுக்கூறு. இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கில அறிவியல் புனைவுகளைப் புரட்டினால், புதுக்கூறு பெரும்பாலும் ஐரோப்பிய அல்லது அமெரிக்க ஆய்வகம் ஒன்றிலிருந்து வரும்; அதைக் கையாளுபவர் வெள்ளையராக இருப்பார்; அவர் வெள்ளையர் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட ஆசிரியருக்கு இருக்காது. ஆஃப்ரோஃபியூச்சரிசம் மாற்றுவது இந்த அடித்தளத்தை. புதுக்கூறு எங்கிருந்து வருகிறது, அதைப் புரிந்துகொள்ளும் அறிவு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது வேறு விடை தருகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கதாபாத்திரத்தின் நிறம் மட்டும் ஒரு கதையை ஆஃப்ரோஃபியூச்சரிசம் ஆக்கிவிடாது. கறுப்பின மக்களின் வரலாறும் மரபும் அந்தக் கதையின் அறிவியலாகவே செயல்பட வேண்டும்.

கப்பலில் கடத்தப்பட்டவர்களின் எதிர்காலம்

இப்படி ஓர் எழுத்து ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை அட்லாண்டிக் கடலில் இருக்கிறது. சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. அறிமுகமில்லாத உருவமும் மொழியும் கொண்டவர்கள் பெரிய கலங்களில் வந்து இறங்குகிறார்கள், மக்களைப் பிடித்துப்போகிறார்கள், முன்பின் தெரியாத ஓர் உலகத்தில் இறக்கி, பெயரையும் மொழியையும் வழிபாட்டையும் பறித்துக்கொண்டு வேலை வாங்குகிறார்கள். வேற்றுக்கிரகவாசிகளின் கடத்தல் என்று அறிவியல் புனைவில் நாம் படிப்பது அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு முன்னோரின் வரலாறு.

மார்க் டெரி என்ற அமெரிக்க விமர்சகர் 1993இல் கறுப்பின எழுத்தாளர்களையும் ஆய்வாளர்களையும் நேர்கண்டு எழுதியபோது இதைச் சுட்டிக்காட்டி, ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்ற சொல்லை முன்வைத்தார். கடந்த காலத்தின் தடயங்களே திட்டமிட்டு அழிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்யும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பெயர் வந்தது அப்போதுதான் என்றாலும் எழுத்து அதற்கு வெகு முன்பே இருந்தது. சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், வால்மீன் ஒன்றின் நச்சுக் காற்றால் நியூயார்க் நகரம் மாண்டுபோன பிறகு எஞ்சியிருக்கும் ஒரு கறுப்பின ஆணையும் வெள்ளையினப் பெண்ணையும் வைத்து 1920இலேயே கதை எழுதினார். ஜாஸ் இசைக்கலைஞர் சன் ரா தம்மைச் சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று அறிவித்துக்கொண்டு இசையமைத்தார். இந்த மரபின் மிகப் பெரிய நாவலாசிரியரான ஆக்டேவியா பட்லர், 1979இல் வெளிவந்த நாவலில், கலிஃபோர்னியாவில் வாழும் ஒரு கறுப்பினப் பெண்ணைக் காலத்தில் பின்னோக்கி அடிமைப் பண்ணைக்கே இழுத்துச் சென்றார். இவர்களைப் பற்றித் தனித்தனியாகவே எழுத வேண்டும். இங்கே பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

பதினாறு வயதுப் பெண்ணும் செம்மண் பூச்சும்

பின்டி, நமீபியாவின் ஹிம்பா இனத்தைச் சேர்ந்தவள். அவளுடைய தந்தை அஸ்ட்ரோலேப் செய்யும் கைவினைஞர். வரலாற்றில் அஸ்ட்ரோலேப் என்பது, விண்மீன்களின் உயரத்தை அளந்து நேரமும் திசையும் அறிய இசுலாமிய உலகின் வானியலாளர்கள் செம்மைப்படுத்திய கருவி. இந்தக் கதையிலோ அது ஒரு மனிதரின் வாழ்க்கைத் தகவல் முழுவதையும் அடக்கிவைத்திருக்கும் கையடக்கச் சாதனம். தந்தையின் கடையை ஏற்று நடத்த வேண்டிய பின்டிக்கு, விண்மீன் மண்டலத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகமான ஊம்ஸாவில் இடம் கிடைக்கிறது. அவளுடைய மக்கள் தங்கள் நிலத்தை விட்டு வெளியேறாதவர்கள். ஹிம்பா இனத்தில் அங்கே சென்றவர் அதுவரை ஒருவரும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படும் இடத்தில் கதை தொடங்குகிறது.

ஹிம்பா என்பது ஆசிரியரின் கற்பனை இனம் என்று நினைத்துப் படிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நமீபியாவின் வடமேற்கிலுள்ள குனேனே பகுதியிலும் அதை ஒட்டிய அங்கோலாவிலும் இன்றும் வாழும் கால்நடை வளர்ப்பு மக்கள் அவர்கள். குனேனே ஆற்றில் எபுபா அருவியருகே பெரிய அணை கட்ட 1990களில் அரசு திட்டமிட்டபோது, மேய்ச்சல் நிலங்களும் முன்னோரின் புதைகுழிகளும் மூழ்கிவிடும் என்று எதிர்த்து நின்றவர்கள். சுற்றுலா அட்டைகளில் வெறும் படமாக மட்டும் அறியப்படும் ஒரு சமூகம் இப்படி அரசியல் பேசியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் பின்டியின் பிடிவாதம் இன்னும் நன்றாகப் புரியும்.

ஹிம்பா பெண்கள் உடலிலும் கூந்தலிலும் பூசிக்கொள்ளும் செந்நிறக் கலவைக்கு ஓட்ஜிஸே என்று பெயர். செங்காவி மண்ணை வெண்ணெய்க் கொழுப்போடு குழைத்து, நறுமணப் பிசின் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். தண்ணீர் அரிதான வறண்ட நிலத்தில் அது தோலைக் காக்கிறது, தூய்மையாக வைக்கிறது, அழகும் தருகிறது. ஒகோராஃபோர் தம் கதையில் அதைச் செம்மண்ணும் மலர் எண்ணெயும் கலந்த பூச்சாகச் சிறிது மாற்றியிருக்கிறார்.

விண்கல நிலையத்தில் வரிசையில் நிற்கும் பின்டியின் கூந்தலை, பின்னால் நிற்கும் கூஷ் இனப் பெண்ணொருத்தி அனுமதி கேட்காமல் தொட்டு இழுத்துப் பார்க்கிறாள். இவர்கள் மண்ணில் குளிக்கும் அழுக்கான மக்கள் என்ற பேச்சு பின்டியின் காதில் விழும்படியே நடக்கிறது. கூஷ் இனத்தவரே அந்த உலகில் ஆதிக்கம் செலுத்துபவர்கள். ஒகோராஃபோர் இந்த அவமதிப்பை நீட்டி முழக்குவதில்லை; பின்டி பதில் சொல்வதுமில்லை. அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டு வரிசையில் முன்னேறுகிறாள். குறுநாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் இவைதாம் என்பது என் கருத்து. பின்னால் பெரிய புதுக்கூறாக விரியப்போகும் பொருள், இங்கே வாசகருக்கு முதன்முதலாக ஓர் ஏளனத்தின் வழியாக அறிமுகமாகிறது.

பயணத்தின் நடுவே, ஜெல்லிமீன் போன்ற உடல் கொண்ட மெடூஸ் என்னும் இனம் கலத்தைத் தாக்குகிறது. உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்த சக மாணவர்கள் எல்லோரும் கொல்லப்படுகிறார்கள். கலத்தைச் செலுத்துபவரைத் தவிர, உயிரோடு எஞ்சுபவள் பின்டி மட்டுமே. பாலைவனத்தில் சிறு வயதில் கண்டெடுத்த, பயன் இன்னதென்று தெரியாத பழைய உலோகப் பொருளொன்று அவளைக் காக்கிறது. மெடூஸ்களின் பேச்சு அவளுக்குப் புரிவதும் அதன் வழியாகத்தான். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அடுத்து வருகிறது. ஒக்வு என்ற இளம் மெடூஸின் காயம்பட்ட உடற்பகுதியில் பின்டியின் ஓட்ஜிஸே படுகிறது. காயம் ஆறத் தொடங்குகிறது.

இப்போது கோலத்துக்குச் சொன்ன சோதனையைச் செய்து பார்க்கலாம். ஓட்ஜிஸேயை எடுத்துவிட்டால் இரு இனங்களும் பேசத் தொடங்கக் காரணமே இல்லாமல் போகும். பின்டியும் உயிர் பிழைக்க மாட்டாள். அழுக்கு என்று இகழப்பட்ட செம்மண்தான் இந்தக் கதையின் உயிர்காக்கும் தொழில்நுட்பம். அது கையிலிருக்கும் சிறு குடுவை அளவுக்குத்தான் இருக்கிறது என்பதும், சொந்த மண்ணிலிருந்து பல கோடி மைல் தொலைவில் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதும், வேற்றுக்கிரகத்தின் மண்ணில் செய்த ஓட்ஜிஸே ஓட்ஜிஸேதானா என்பதும் கதையின் பின்பாதியை நகர்த்தும் கேள்விகள்.

பின்னலுக்குள் கணிதம்

பின்டியின் இன்னொரு திறமை கணிதம். மனம் பதறும்போது அவள் ஒரு சமன்பாட்டை மனதில் எழுப்பி, அது மரக்கிளைபோல் மேலும் மேலும் பிரிந்துகொண்டே போவதைப் பின்தொடர்ந்து ஆழ்ந்த அமைதிக்குள் இறங்குகிறாள். முரண்படும் ஆற்றல்களை இப்படி ஒத்திசையச் செய்பவளை அவள் சமூகம் ஒத்திசைவாளர் என்று அழைக்கிறது. கலத்தில் சக மாணவன் ஒருவன் அவளுடைய கூந்தலைக் கவனித்து, பின்னல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முக்கோணங்களாக அமைந்திருக்கின்றனவே, அதில் ஏதேனும் குறியீடு இருக்கிறதா என்று கேட்கிறான். உண்மையிலேயே இருக்கிறது: அவளுடைய குடும்பத்தின் வரலாறு அந்த வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வரிசையில் நின்ற பெண் இழுத்துப் பார்த்த அதே கூந்தலை இவன் வாசிக்க முயல்கிறான்.

தலைமுடியில் கணிதமா என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு வடிவத்தின் சிறு பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் முழு வடிவமே அதில் மீண்டும் தென்படுமானால், அதைக் கணிதத்தில் ஃபிராக்டல் என்பார்கள். ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்கக் கூந்தல் பின்னல்களிலும் நெசவிலும் ஊர் அமைப்பிலும் இந்த ஒழுங்கு இருப்பதை விரிவாக ஆராய்ந்து 1999இல் நூலாக வெளியிட்டார். அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று தென் ஜாம்பியாவின் பா-இலா குடியிருப்பு. ஊர் முழுவதும் ஒரு பெரிய வளையம். அந்த வளையமே குடும்பங்களின் சிறு வளையங்களால் ஆனது. வாயிலிலிருந்து பின்புறம் போகப் போக அவை அளவில் பெரிதாகின்றன. ஆகவே பின்டியின் கணிதம் வெறுங்காற்றில் கட்டியதல்ல. ஏற்கெனவே இருக்கும் ஓர் அறிவு தடையின்றி வளர்ந்திருந்தால் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்ற கேள்வியிலிருந்து ஆசிரியர் அதை உருவாக்குகிறார். மாயாஜாலக் கதை என்று இந்த நூலை ஒதுக்குபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: புதுக்கூறு இங்கே மந்திரத்தால் வேலை செய்வதில்லை, கற்றுத் தேர்ந்த திறனால் வேலை செய்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ‘பின்டி’யில் மண்ணும் பின்னலும் கணிதமும் மரபுச் சின்னங்களாகக் காட்சிக்கு வைக்கப்படவில்லை. நெருக்கடியின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவற்றில் ஒன்று வேலை செய்கிறது.

அருங்காட்சியகத்தில் ஒரு கொடுக்கு

மெடூஸ்கள் ஏன் தாக்கினார்கள் என்பதற்குக் கதை ஒரு காரணம் வைத்திருக்கிறது. அவர்களுடைய தலைவரின் உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட கொடுக்கு, ஊம்ஸா பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் பார்வைப் பொருளாக இருக்கிறது. அதை மீட்கத்தான் அவர்கள் வருகிறார்கள்.

பின்டியின் சொந்த மண்ணில் இதற்கு நேரான வரலாறு உண்டு. இன்றைய நமீபியா ஜெர்மனியின் குடியேற்ற நாடாக இருந்தபோது, 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஹிம்பா மக்களின் மொழி ஹெரேரோ மக்களின் மொழியேதான். இறந்தவர்களின் மண்டையோடுகள் இன ஆராய்ச்சி என்ற பெயரில் ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்குள்ள நிறுவனங்களின் சேகரிப்புகளில் வைக்கப்பட்டன. அவற்றில் சில 2011, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில்தான் நமீபியாவுக்குத் திரும்பின. அது இனப்படுகொலையே என்று ஜெர்மன் அரசு 2021இல் அறிவித்தது. ஒகோராஃபோர் இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நமீபியப் பெண், வேறொரு இனத்தின் உடற்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்படி ஒரு பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் முன் வாதாடும் காட்சியை, இந்த வரலாறு தெரிந்த பிறகு முன்புபோல் படிக்க முடியாது. அறிவின் உச்சமாகத் தான் கனவு கண்ட இடத்திலேயே ஒரு திருட்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பதினாறு வயதுப் பெண் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் மறுத்த அடையாளம்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். தம் எழுத்தை ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்று அழைப்பதை ஒகோராஃபோர் ஏற்பதில்லை. அவர் நைஜீரியாவின் இக்போ இனப் பெற்றோருக்கு 1974இல் அமெரிக்காவில் பிறந்தவர். 2019இல் அவர் வெளியிட்ட விளக்கத்தில், தாம் எழுதுவது ஆஃப்ரிக்கன்ஃபியூச்சரிசம் என்றார். ஆப்பிரிக்கக் கண்டத்தின் பண்பாட்டிலும் வரலாற்றிலும் பார்வையிலும் நேரடியாக வேரூன்றிய, மேற்குலகை மையமாகக் கொள்ளாத அறிவியல் புனைவு என்பது அதன் பொருள். அவரே தந்த எடுத்துக்காட்டு மிக எளிமையானது: ‘பிளாக் பாந்தர்’ படத்தில் வரும் வக்காண்டா நாடு தன் முதல் வெளிநாட்டு மையத்தை அமெரிக்காவின் ஓக்லண்டில் திறந்தால் அது ஆஃப்ரோஃபியூச்சரிசம், பக்கத்து ஆப்பிரிக்க நாட்டில் திறந்தால் ஆஃப்ரிக்கன்ஃபியூச்சரிசம்.

‘பின்டி’யில் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்கலாம். கதையில் அமெரிக்கா வருவதே இல்லை. அடிமைக் கப்பலின் நினைவும் நேரடியாக இல்லை. வெள்ளையர் என்ன நினைப்பார்கள் என்று பின்டி ஓரிடத்திலும் யோசிப்பதில்லை. அவளை இகழும் கூஷ் இனத்தவரும் வெள்ளையர் அல்லர். நமீபியாவின் பாலையிலிருந்து புறப்படும் பாதை நேராக வேறொரு கிரகத்துக்குப் போகிறது. புத்தகக் கடைகளிலும் விமர்சனங்களிலும் இரண்டு பெயர்களும் இன்னும் கலந்தே வழங்குகின்றன. இரண்டுக்கும் உறவு உண்டு என்பதை ஒகோராஃபோரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு படைப்பு எந்த மண்ணில் நின்று எதிர்காலத்தைப் பார்க்கிறது என்று கேட்பது, பின்னட்டையில் அச்சிட்ட பெயரை நம்புவதைவிடப் பயனுள்ளது.

படிக்கும்போது எழக்கூடிய கேள்விகள்

முதலாவது, இக்போ வழியில் வந்த ஓர் அமெரிக்கர் ஹிம்பா பெண்ணின் குரலில் எழுதலாமா என்பது. ஆப்பிரிக்கா என்பது ஒரே பண்பாடு அல்ல; நைஜீரியாவுக்கும் நமீபியாவுக்கும் இடையே ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தூரம் உள்ளது; இக்போவும் ஹிம்பா மக்களின் மொழியும் வெவ்வேறு மொழிகள். பின்டியின் உலகில் வரும் பல பெயர்களிலும் வழக்கங்களிலும் ஹிம்பாவுக்கு அப்பாற்பட்ட கலவை தெரிகிறது. ஆகவே இந்த நூலை ஹிம்பா வாழ்க்கையின் ஆவணமாகப் படிக்கக் கூடாது. அந்த மக்களைப் பற்றி அறிய விரும்புபவர்கள் அதற்கென்று தனியாகத் தேடித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்வி கனமானது. தன் நண்பர்கள் அனைவரையும் கண்ணெதிரே கொன்ற இனத்தோடு பின்டி இவ்வளவு விரைவாகப் பேசத் தொடங்குவது நம்பும்படியாக இருக்கிறதா? எனக்கும் இந்தக் குறை உண்டு. குறுநாவல் என்னும் வடிவம் இதற்கு ஓரளவு காரணம். ஹியூகோ, நெபுலா விருதுகளின் விதிப்படி குறுநாவல் என்பது 17,500 முதல் 40,000 சொற்களுக்குள் அடங்குவது. அந்த அளவுக்குள் படுகொலையும் பேச்சுவார்த்தையும் தீர்வும் நிகழ வேண்டியிருப்பதால், துயரத்துக்கு இடமே இல்லாமல் போகிறது.

அந்த இடத்தை 2017இல் வந்த இரண்டாம் பாகம் தருகிறது. ஊரைப் பார்க்கத் திரும்பும் பின்டிக்குக் கலத்தில் நடந்தவை நினைவில் பாய்ந்து மூச்சு முட்டுகிறது. ஒத்திசைவாளரான அவளால் தன் மனதையே ஒத்திசைக்க முடிவதில்லை. அதே நூலில், ஹிம்பா மக்கள் தங்களைவிடத் தாழ்ந்தவர்களாகக் கருதும் பாலைவனத்து மக்களை அவள் நெருங்கி அறிய நேர்கிறது. நாகரிகமற்றவர்கள் என்று சிறுவயதிலிருந்து தனக்குச் சொல்லப்பட்ட அவர்களிடம், தன் சமூகம் அறியாத தொழில்நுட்பம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவதைப் பார்க்கிறாள். விண்கல நிலையத்து வரிசையில் தன் கூந்தலைத் தொட்ட பெண்ணின் பார்வை தன்னிடமும் இருந்திருக்கிறது என்பதை அவள் அங்கே எதிர்கொள்கிறாள். முதல் பாகத்தோடு நிறுத்திவிடாமல் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.